தவணை முடிந்த பிறகும் காடி ஓடுமா?



இம்மாதம் வந்த கடிதங்களில் ஒன்று என்னை நெடுநேரம் யோசிக்க வைத்தது. பேராக் மாநிலத்துச் செம்பனைத் தோட்டம் ஒன்றிலிருந்து ஒரு தாயார் எழுதியிருக்கிறார். அவருடைய மகனுக்குப் பட்டணத்தில் தொழிற்சாலை வேலை. இத்தனை நாளும் மோட்டார் சைக்கிளில் போய் வந்தவர், கைக்குழந்தை வந்துவிட்டபடியால் 'எஸ்.யு.வி.' என்கிற உயரமான காடிதான் வேண்டும் என்று பிடிவாதமாக நிற்கிறாராம். ஒன்பது வருடத் தவணை. முன்பணத்துக்குத் தாயாரின் சங்கிலி அடகுக் கடைக்குப் போக வேண்டியிருக்கிறது. கட்டி முடிப்பதற்குள் காடி பழைய இரும்பாகிவிட்டால் என்ன செய்வது, நன்றாகப் பார்த்துக்கொண்டால் அந்த மாதிரி வண்டி எத்தனை வருடம்தான் உழைக்கும் என்று கேட்கிறார்.

அம்மா, கேள்வியைச் சரியான இடத்தில் கேட்டிருக்கிறீர்கள். காடிக் கடையில் என்ன நிறம், எத்தனை ஆசனம், பாட்டுப் பெட்டி எப்படி என்று கேட்பவர்கள்தாம் அதிகம். எத்தனை காலம் உழைக்கும் என்று கேட்பவர் நூற்றில் இரண்டு பேர் இருந்தால் ஆச்சரியம்.

பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒழுங்காகப் பராமரித்த எஸ்.யு.வி. 15 வருடம், அல்லது 3 இலட்சம் கிலோமீட்டர் உழைக்கும் என்று எதிர்பார்க்கலாம். அதையும் தாண்டி ஓடுகிற வண்டிகள் உண்டு. அமெரிக்காவில் பழைய கார்களின் விற்பனை விவரங்களைத் திரட்டும் ஐசீகார்ஸ் என்ற நிறுவனம் 2022-ஆம் ஆண்டு ஒரு கணக்கை வெளியிட்டது. அதில் டொயோட்டா செக்கோயா 4 இலட்சத்து 77 ஆயிரம் கிலோமீட்டர் வரையிலும், டொயோட்டா லேண்ட் குரூசர் 4 இலட்சத்து 51 ஆயிரம் கிலோமீட்டர் வரையிலும் போகக் கூடியவை என்று கண்டிருந்தது. ஆனால் இந்த எண்களைப் பார்த்து மயங்கிவிடக் கூடாது. நூறு வண்டிகளில் மிக அதிகம் ஓடிய ஒரு வண்டியை வைத்துப் போட்ட கணக்கு அது. வகுப்பில் முதல் மாணவன் வாங்கிய மதிப்பெண்ணை எல்லாப் பிள்ளைகளிடமும் எதிர்பார்க்க முடியுமா?

இப்போது நம் கணக்கைப் போடுவோம். தோட்டத்திலிருந்து வேலைக்குப் போய்த் திரும்ப நாளொன்றுக்கு 60 கிலோமீட்டர், வருடத்தில் 300 நாள் என்றால் 18,000 கிலோமீட்டர். ஒன்பது வருடத்தில் 1 இலட்சத்து 62 ஆயிரம். அதாவது கடைசித் தவணை கட்டும் நாளில் காடி தன் ஆயுளில் பாதியைத்தான் கடந்திருக்கும். 3 இலட்சத்தைத் தொட இன்னும் ஏழு வருடத்துக்கு மேல் இருக்கிறது.

அந்த ஏழு வருடம்தான் குடும்பத்துக்கு மிச்சமாகிற காலம். மாதம் 700 வெள்ளி தவணை என்று வைத்துக்கொள்ளுங்கள். 108 மாதத்தில் 75,600 வெள்ளி போய்விடுகிறது. தவணை முடிந்த பிறகு காடி ஆறு வருடம் ஓடினால், கட்டாமல் கையில் நிற்கிற தவணைப் பணம் 50,400 வெள்ளி. அதில் பழுது பார்க்க ஒரு பங்கு போனாலும், ஒரு பிள்ளையின் மேற்படிப்புக்கு அது உதவுமா இல்லையா? மாறாக, கவனிக்காமல் விட்ட காடி ஒன்பதாம் வருடமே படுத்துவிட்டால், பழைய கடன் முடிந்த மறுமாதம் புதிய கடன் தொடங்கிவிடும். வாழ்நாள் முழுவதும் தவணை கட்டியே தீர்ந்துபோன குடும்பங்கள் நம்மிடையே எத்தனையோ இருக்கின்றன.

நெடுங்காலம் உழைக்கும் வண்டி எப்படி இருக்கும் என்பதைத் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. துரைமார்கள் ஏறி வந்த லேண்ட் ரோவரை நம் அப்பாமார்கள் நன்றாக அறிவார்கள். 1948-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் ஆம்ஸ்டர்டாம் கண்காட்சியில் முதன்முதலாக அது வெளியிடப்பட்டது. இரண்டாம் உலகப் போர் முடிந்த புதிதில் பிரிட்டனில் எஃகுக்குத் தட்டுப்பாடு. ஆகவே மேல் உடம்பை அலுமினியக் கலவைத் தகட்டில் செய்தார்கள். தட்டுப்பாட்டினால் செய்த காரியம் பிறகு வரமாகிவிட்டது, ஏனென்றால் அலுமினியம் இரும்பைப் போலத் துருப்பிடிப்பதில்லை. கேமரன் மலைக்குப் போயிருப்பவர்கள் பார்த்திருப்பீர்கள். பல பத்தாண்டுகளுக்கு முன் செய்த லேண்ட் ரோவர்கள் முட்டைக்கோஸையும் தக்காளியையும் ஏற்றிக்கொண்டு செங்குத்தான தோட்டப் பாதைகளில் இன்றும் முனகிக்கொண்டு ஏறுகின்றன. உள்ளே ஏர்கோன் கிடையாது, சொகுசு கிடையாது. எது கெட்டாலும் கழற்றி மாட்டிவிடலாம்.

ஆனால் அந்த லேண்ட் ரோவரிலும் அடிச்சட்டம் எஃகுதான். மேலே பளபளவென்று இருக்கும், அடியில் சட்டம் அரித்துக் கொண்டிருக்கும். என்ஜின் போனால் வேறு என்ஜின் வைக்கலாம், கியர்பாக்ஸ் போனால் மாற்றலாம். அடிச்சட்டம் துருவேறி உளுத்துவிட்டால் பெரும்பாலான வண்டிகளின் கதை அத்தோடு முடிந்தது. காடியைக் கழுவுவதென்றால் கூரையையும் கண்ணாடியையும் துடைத்துப் பளபளப்பாக்குவது என்று நம் பிள்ளைகள் நினைக்கிறார்கள். குனிந்து அடியில் தண்ணீர் பீய்ச்சுகிறவர் யார்? தோட்டத்துச் செம்மண் சக்கர வளைவுக்குள் அப்பிக்கொண்டு, காயாமல், ஈரத்தைப் பல நாள் பிடித்து வைத்திருக்கும். மழைக்காலத்தில் வாரம் ஒருமுறையாவது அடிப்பக்கத்தைக் கழுவ வேண்டும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். உர மூட்டையைக் காடியின் பின்புறத்தில் ஏற்றாதீர்கள். உரம் ஓர் உப்பு. சிந்திய உரம் விரிப்புக்கு அடியில் இறங்கி, காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொண்டு தகட்டைத் தின்னும். ஏற்றித்தான் ஆக வேண்டுமென்றால் தடித்த பிளாஸ்டிக் விரிப்பைப் போட்டு, இறக்கிய அன்றைக்கே சுத்தம் செய்துவிடுங்கள்.

நம் நாட்டுத் தயாரிப்பையே எடுத்துக்கொள்வோம். 1998-இல் பெரோடுவா நிறுவனம் கெம்பாரா என்ற சிறிய எஸ்.யு.வி.யை வெளியிட்டது. ஜப்பானின் டைஹாட்சு டெரியோஸை ஒட்டிச் செய்த வண்டி. 2007 வரை உற்பத்தியில் இருந்தது. அதற்குப் பின் எத்தனையோ வந்துவிட்டன. 2018 இறுதியில் புரோட்டோன் எக்ஸ்70, 2019 தொடக்கத்தில் பெரோடுவா அருஸ், 2020-இல் எக்ஸ்50, 2021-இல் பெரோடுவா அத்திவா என்று வரிசையாக வந்தன. ஆனாலும் கெம்பாரா இன்னும் சாலையிலிருந்து மறையவில்லை. உற்பத்தி நின்று இத்தனை வருடமாகியும் அவை ஓடுகின்றன என்றால், யாரோ ஒருவர் அவற்றுக்கு நேரத்துக்கு எண்ணெய் மாற்றியிருக்கிறார் என்றுதான் அர்த்தம்.

கெம்பாராவில் நான்கு சக்கரங்களும் எப்போதும் இழுக்கும். இதனால் வழுக்கும் மண்ணில் நல்ல பிடிப்பு. ஆனால் டயர் விஷயத்தில் சிக்கனம் பார்த்தால் ஆபத்து. முன்னால் புதிய டயர் இரண்டு, பின்னால் தேய்ந்த வேறு அளவு டயர் இரண்டு என்று போட்டால், சக்கரங்கள் வெவ்வேறு வேகத்தில் சுற்றி நடுவிலுள்ள பற்சக்கரப் பெட்டி ஓயாமல் உராய்ந்து தேய்ந்துவிடும். நாலு சக்கரமும் இழுக்கும் எந்த வண்டிக்கும் நாலு டயரும் ஒரே அளவு, ஒரே மாதிரித் தேய்மானம் இருக்க வேண்டும். டயரில் மிச்சம் பிடித்த காசு பல மடங்காகப் பட்டறைக்குப் போய்ச் சேரும்.

என்ஜினுக்கு வருவோம். நம் வீடுகளில் கருப்பெண்ணெய் என்று சொல்கிறோமே, அதுதான் என்ஜினுக்கு இரத்தம். இப்போதைய காடிகளுக்குப் பெரும்பாலும் 10,000 கிலோமீட்டர் அல்லது ஆறு மாதம், இரண்டில் எது முதலில் வருகிறதோ அப்போது மாற்றச் சொல்கிறார்கள். சாதாரண எண்ணெய் ஊற்றும் பழைய வண்டிகளுக்கு 5,000. 'காடி அதிகம் ஓடவில்லையே, மாதம் நூறு வெள்ளிக்குத்தானே பெட்ரோல் அடிக்கிறோம்' என்று வருடக் கணக்கில் தள்ளிப் போடுகிறவர்கள் உண்டு. பக்கத்துக் கடைக்கும் பள்ளிக்கும் மட்டும் போய்வரும் வண்டியில் என்ஜின் முழுச் சூடாவதே இல்லை. உள்ளே ஈரம் தங்கி எண்ணெய் கெட்டுச் சேறுபோல் ஆகிவிடும். சர்வீசுக்கு ஒரு தடவை 250 வெள்ளி, வருடத்துக்கு இரண்டு தடவை என்றால் ஒன்பது வருடத்தில் 4,500 வெள்ளி. 75,600 வெள்ளி கட்டி வாங்கிய பொருளைக் காப்பாற்ற இது பெரிய பணமா?

காற்று வடிகட்டியையும் சும்மா விட்டுவிட முடியாது. பட்டணத்துச் சாலைக்கு எழுதிய காலக்கெடு தோட்டத்துப் புழுதிக்குப் பொருந்தாது. எண்ணெய் மாற்றும் ஒவ்வொரு தடவையும் அதைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். ஒளியில் பிடித்துப் பார்த்தால் உங்களுக்கே தெரியும்.

ஆனால் என்னைக் கேட்டால், நம் நாட்டு வெயிலில் என்ஜினைக் கொல்வதில் முதலிடம் சூட்டுக்குத்தான். ரேடியேட்டரில் ஒரு சிறு கசிவு. போர்மன் மாற்றச் சொல்கிறார். அடுத்த மாதம் பார்த்துக்கொள்ளலாம் என்று தினமும் காலையில் குழாய்த் தண்ணீரை ஊற்றி ஓட்டுகிறோம். குழாய்த் தண்ணீரில் உள்ள தாதுக்கள் உள்ளே படியும், துருவும் சேரும். முறையான கூலன்ட் என்பது வெறும் பச்சைச் சாயம் அல்ல. துருவைத் தடுப்பதும் கொதிநிலையை உயர்த்துவதும் அதன் வேலை. பிறகு ஒருநாள் தைப்பூச நெரிசலில், பத்துமலைக்குப் போகும் வழியில், சூட்டு முள் சிவப்பைத் தொடுகிறது. இன்னும் இரண்டு மைல்தானே என்று ஓட்டினால், அலுமினியத்தில் செய்த என்ஜின் தலைப்பகுதி வளைந்துவிடும், இடையிலுள்ள கேஸ்கெட் கருகிவிடும். அந்த இரண்டு மைல் ஆயிரக்கணக்கில் வெள்ளியை விழுங்கும். முள் ஏறினால் உடனே ஓரங்கட்டி என்ஜினை நிறுத்துங்கள். மூடியைச் சூட்டோடு திறக்கவே கூடாது, கொதிநீர் முகத்தில் அடிக்கும். அரை மணி நேரத்துக்கு மேலாவது ஆறட்டும்.

டைமிங் பெல்ட்டைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஆரம்ப காலக் கெம்பாராக்களைப் போன்ற வண்டிகளில் என்ஜினுக்குள் ரப்பர் பெல்ட் இருக்கும். அதை எத்தனை கிலோமீட்டரில் மாற்ற வேண்டும் என்று கையேட்டில் போட்டிருக்கும். அறுகிற வரை ஒரு சத்தமும் காட்டாது. அறுந்தால் நடுச்சாலையில் நின்றுவிடும், சில என்ஜின்களில் உள்ளே வால்வுகளும் வளைந்துபோகும். பின்னால் வந்த பல என்ஜின்களில் பெல்ட்டுக்குப் பதில் சங்கிலி வைத்திருக்கிறார்கள். எண்ணெய் ஒழுங்காக மாற்றினால் அந்தச் சங்கிலி நீண்ட காலம் நிற்கும். ஓட்டோ கியர் உள்ள காடிகளுக்கு அதற்கென்று தனி எண்ணெய் உண்டு, அதையும் மாற்ற வேண்டும். கண்ட எண்ணெயை ஊற்றினால் கெட்டுவிடும்.

வெள்ளத்தைச் சொல்லாமல் விட முடியாது. 2021 டிசம்பரில் ஷா ஆலாம் தாமான் ஸ்ரீ மூடாவிலும் உலு லங்காட்டிலும் காடிகள் கூரை வரை மூழ்கிக் கிடந்ததை யார் மறப்பார்கள்? எஸ்.யு.வி. உயரமாக இருப்பதால் வெள்ளத்தில் நீந்திப் போய்விடும் என்று எண்ணி இறங்குகிறார்கள். காற்றுக் குழாய் வழியாகத் தண்ணீர் என்ஜினுக்குள் போனால் ஒரே நொடியில் உள் கம்பிகள் வளைந்துவிடும். மூழ்கிய காடியை ஓடுகிறதா என்று பார்ப்பதற்காகச் சாவி போட்டுத் திருப்பக் கூடாது. இழுத்துக்கொண்டுதான் பட்டறைக்குப் போக வேண்டும்.

வெள்ளத்தில் மூழ்கிய காடிகளைக் கழுவித் துடைத்து விற்பவர்களும் இருக்கிறார்கள். பழைய காடி வாங்கப் போனால் ஆசனப் பட்டையை முழு நீளத்துக்கும் வெளியே இழுத்துப் பாருங்கள். உள்பகுதியில் சேற்றுக் கறை இருந்தால் வந்த வழியே திரும்பிவிடுங்கள். விரிப்பைத் தூக்கி முகர்ந்து பாருங்கள், ஆசனத்தின் அடித் திருகாணிகளில் துரு இருக்கிறதா என்றும் பாருங்கள். மீட்டரைத் திருப்பி வைப்பதும் நடக்கிறது. மீட்டர் 60,000 காட்டுகிறது, ஆனால் பிரேக் மிதிக் கட்டையின் ரப்பர் வழவழவென்று தேய்ந்து ஸ்டியரிங்கில் தோல் உரிந்திருக்கிறதென்றால் எதை நம்புவீர்கள்? சர்வீஸ் புத்தகம் இல்லாத காடிக்கு விலையைக் குறைத்துக் கேட்பதை விட, வேறு காடி பார்ப்பது மேல் என்பேன்.

என்ஜின் நன்றாக ஓடுவதாலேயே வண்டி பத்திரமானது என்றும் நினைத்துவிடக் கூடாது. தக்காத்தா என்ற ஜப்பானிய நிறுவனம் செய்த காற்றுப் பைகளைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். விபத்தில் பையை ஊதவைக்கும் அமோனியம் நைட்ரேட் என்ற மருந்து, வருடக் கணக்கில் வெப்பமும் ஈரப்பதமும் பட்டுக் கெட்டுப் போய், வெடிக்கும்போது உலோகச் சிதறல்களை ஓட்டுநர் மேல் வீசியது. நம் மலேசியாவிலேயே உயிர்கள் போயிருக்கின்றன. நம் சாலைகளில் நிறையக் காணும் பழைய ஹோண்டா சி.ஆர்.வி. உட்படப் பல நிறுவனங்களின் காடிகள் இந்தப் பட்டியலில் வந்தன. பத்துப் பதினைந்து வருடத்துக்கு மேற்பட்ட காடி வைத்திருப்பவர்கள், அடிச்சட்ட எண்ணை எடுத்துக்கொண்டு அந்த நிறுவனத்தின் அதிகாரபூர்வ சேவை நிலையத்தில் விசாரியுங்கள். பாதிக்கப்பட்ட காடி என்றால் இலவசமாக மாற்றித் தருவார்கள். காசில்லாத இந்த ஒரு வேலையைச் செய்யாமல் விட எந்தக் காரணமும் இல்லை.

சிங்கப்பூர் நேயர்கள் இதையெல்லாம் படித்துச் சிரிக்கக் கூடும். அங்கே 1990-லிருந்து காடி வைத்திருக்க உரிமைச் சான்றிதழ் வேண்டும், அதற்கு ஆயுள் பத்து வருடம். புதுப்பிக்கப் பெரும் பணம் கட்ட வேண்டும் என்பதால் நல்ல நிலையில் உள்ள வண்டிகளையே கழித்துவிடுகிறார்கள். இங்கே சொந்தக் காடிக்கு அப்படி வயது வரம்பு இல்லை. 2009 இறுதியில், 15 வருடமான காடிகளைச் சோதனைக்குக் கொண்டுபோனால்தான் சாலை வரி புதுப்பிக்கலாம் என்று ஓர் அறிவிப்பு வந்தது. ஏழை மக்களின் வண்டிகளைப் பாதிக்கும் என்ற எதிர்ப்பு கிளம்பவே சில நாட்களில் கைவிட்டார்கள். அன்று மகிழ்ந்தவர்களில் நானும் ஒருவன். ஆனால் அரசாங்கம் சோதிக்கவில்லை என்பதற்காக நாமும் சோதிக்காமல் இருந்தால், பிரேக் பிடிக்காத காடியில் போகப் போவது நம் பிள்ளைகள்தாம்.

எப்போது காடியைக் கைவிடலாம்? அடிச்சட்டத்தில் துரு துளைத்துவிட்டது என்று போர்மன் தூக்கிக் காட்டினால், பேசாமல் விட்டுவிடுங்கள். ஒட்டுப் போட்டு ஓட்டாதீர்கள். மற்றப்படி, ஒரு வருடத்துப் பழுதுச் செலவு ஒரு வருடத்துத் தவணையைத் தாண்டுகிறதா என்று பாருங்கள். மாதம் 700 என்றால் வருடத்துக்கு 8,400 வெள்ளி. கியர்பாக்ஸுக்கு 3,000 என்று கேட்டவுடன் பயந்து காடியை அடிமாட்டு விலைக்கு விற்றுப் புதுக்கடன் வாங்குகிறார்கள். என் கணக்கில் அது நஷ்டம்.

கடிதம் எழுதிய தாயாரின் மகனுக்கு என் யோசனை இதுதான். உயரமான காடி வேண்டுமென்பதில் தவறில்லை, தோட்டத்துப் பாதைக்கு அது பொருத்தமானதே. ஆனால் சங்கிலியை விட்டுவிட்டு, ஒரு வருடம் பொறுத்து, மாதம் 700 வெள்ளியைத் தவணை கட்டுவதாகவே பாவித்து வங்கியில் போடட்டும். வருட முடிவில் 8,400 வெள்ளி முன்பணமாக இருக்கும். தவணையை ஏழு வருடமாகவாவது குறைக்கலாம். மாதா மாதம் 700 ஒதுக்க முடிகிறதா இல்லையா என்பதும் அதற்குள் தெரிந்துவிடும். முடியவில்லையென்றால், கடன் வாங்கியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதையும் அவரே கண்டுகொள்வார்.

காடி வந்ததும் பள்ளிக்கூடக் கட்டுரைப் புத்தகம் ஒன்றை வாங்கி முன் பெட்டியில் போட்டு வையுங்கள். தேதி, கிலோமீட்டர், மாற்றிய சாமான், கொடுத்த காசு, இந்த நாலையும் எழுத வேண்டும். வீட்டில் படிக்கிற பிள்ளையிடம் அந்த வேலையைக் கொடுத்துவிடுங்கள், அப்பா மறந்தாலும் பிள்ளை மறக்காது. விற்கிற காலத்தில் அந்தப் புத்தகத்தைக் காட்டினால் விலை பேசுவதும் சுலபம்.

காப்புறுதிப் பத்திரத்தில் வெள்ளச் சேதம் சேர்ந்திருக்கிறதா என்று எப்படிப் பார்ப்பது என்று இரண்டு நேயர்கள் கேட்டிருக்கிறார்கள். அடுத்த இதழில் அதை எழுதுகிறேன்.